விமலகுமாரியின் காந்தாரம்

பெருங்கடவிளையில் ஸ்ரீகலா டீச்சரின் வீட்டுக்கும் விமலகுமாரியின் வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்தான். ஸ்ரீகலா அங்கே குடிவந்த பதினான்கு வருடமாக அந்த மதிலைத் தாண்டி ஒரே பாட்டு வந்துகொண்டிருந்தது. விமலகுமாரி சர்ச் கொயரில் ஆல்ட்டோ, மெட்டுக்குக் கீழே துணையாகப் போகும் பெண்குரல். மீன் கழுவும்போதும் தன் பங்கைப் பாடிப் பழகுவாள். ஸ்ரீகலாவுக்கு ஆல்ட்டோ என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்து நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு மற்றதெல்லாம் வெறும் சத்தம். அந்தப் பாட்டோ காந்தார ஸ்வரத்தில் நிற்கும், மத்யமத்தை எட்டிப் பார்க்கும், பயந்துபோய் மறுபடி காந்தாரத்திலேயே வந்து உட்காரும். இதற்கா இத்தனை பழக்கம்!

"அக்கா, உங்க பாட்டுக்கு நடக்கக் காலில்லியா? நின்ன இடத்துலயே நிக்குதே," என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேலி செய்வாள்.

"அது நிக்க வேண்டிய பாட்டாக்கும் மக்கா. ஒருதரம் சர்ச்சுல வந்து கேளு," என்று விமலகுமாரி சிரிப்பாள். ஸ்ரீகலா போனதே இல்லை.

ஐப்பசியில் விமலகுமாரிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் வெறும் காற்றாகிவிட்டது. மூன்று மாதம் பேசவே கூடாது, அதற்குப் பிறகும் பாட்டு திரும்பி வருமென்று உறுதி இல்லை என்றார் டாக்டர். சர்ச்சின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவோ வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஆல்ட்டோவில் இருந்த மற்ற இரண்டு பெண்களும் விமலகுமாரி பக்கத்தில் இல்லையென்றால் தங்கள் பங்கை விட்டுவிட்டு மெட்டோடு ஓடிவிடுகிறவர்கள். அதனால் இந்த முறை ஆல்ட்டோவை விட்டு மூன்று குரலே போதும் என்று கொயர் மாஸ்டர் ஜெயசிங் முடிவு செய்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை ஸ்ரீகலாவின் போனுக்கு மதிலுக்கு அப்புறமிருந்து செய்தி வந்தது: 'நான் இல்லாம அது எப்பிடி இருக்குன்னு கேக்கணும். தனியா போக தைரியம் இல்ல. நீயும் வாறியா?' இதற்கு மேல் எப்படி மறுப்பது?

சர்ச்சில் மறுநாள் விழாவுக்கான ஒத்திகை. கடைசி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கொயர் அந்தப் பாட்டைத் தொடங்கியது. முதல் வரியிலேயே ஸ்ரீகலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சங்கராபரண வர்ணத்தின் அதே ஏழு ஸ்வரங்கள்தான்! அங்கே ஒற்றைக் குரல், ஒவ்வொரு ஸ்வரத்தையும் அசைத்து, வளைத்து, ஊரெல்லாம் சுற்றி வீடு திரும்பும். இங்கே மூன்று கூட்டம் ஒரே நேரத்தில் மூன்று வழியில் போகிறது; ஒன்றோடொன்று முட்டவே இல்லை. இப்படியும் முடியுமா என்று வாயைத் திறந்தபடி இருந்தாள்.

ஆனால் வரி முடிந்து குரல்கள் நிற்கும்போதெல்லாம் ஏதோ குறைந்தது. மேலே ஷட்ஜம், கீழே ஷட்ஜம், நடுவே பஞ்சமம். காந்தாரத்தைக் காணோம். சட்டென்று திரும்பிப் பார்த்தாள். விமலகுமாரியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன, கன்னமெல்லாம் ஈரம். ஒற்றைக் காலை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கட்டிலையும் கேலி செய்திருக்கிறோம் என்று ஸ்ரீகலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாட்டு முடிந்ததும் எழுந்து முன்னால் போனாள்.

"சார், அந்த நாலாவது குரல் எனக்குத் தெரியும். வரியும் தெரியும்."

"டீச்சருக்கா? ஆரு படிப்பிச்சா?" என்றார் ஜெயசிங்.

"அக்காதான். மதிலுக்க மேல கூடி."

கொயரே சிரித்தது. மறுபடி தொடங்கினார்கள். மத்யமம் வந்ததும் பழக்க தோஷத்தில் அதை அசைத்துவிட்டாள். பக்கத்தில் டெனர் குரலில் பாடிய ஆண்கள் தடுமாறினார்கள்.

"ஆட்டாதீங்க டீச்சரே. நேரே பிடியுங்க."

நேரே பிடிப்பதா? அப்படிப் பாடியதற்காகத்தானே சின்ன வயதில் அடி வாங்கியிருக்கிறாள்! பல்லவி, அனுபல்லவி எல்லாம் பாடிய தொண்டைக்கு ஒரு ஸ்வரத்தை அலங்காரமில்லாமல் விடுவது பெரும்பாடாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு பெண்களும் அவளை ஒட்டி நின்று, இந்த முறை ஓடாமல் கூடவே பாடினார்கள். கடைசி வரியில் அவளுடைய காந்தாரம் போய் உட்கார்ந்தது.

சர்ச்சே முழங்கியது. ஸ்ரீகலா கூட்டத்துக்குள் தன் குரலைத் தேடினாள், அகப்படவில்லை. மேடை ஏறிய நாள் முதல் தன் குரல் தனியாகக் கேட்க வேண்டுமென்றே பாடியவள் அவள். இப்போது அது கரைந்துபோய், யாருடையதும் அல்லாத ஏதோ ஒன்று கூரைவரை நிறைந்து நின்றது. இவ்வளவு பெரிய ஒன்றுக்குள் தானும் இருக்கிறோமே என்று பயமாகவும் ஆனந்தமாகவும் இருந்தது.

"நாளைக்கு காலத்த எட்டு மணிக்கு வந்திருணும் டீச்சரே," என்றார் ஜெயசிங்.

விமலகுமாரி பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். ஸ்ரீகலாவின் கையைப் பற்றி, பேசக் கூடாது என்ற டாக்டரின் சொல்லையும் மீறி, காற்றுக் குரலில் சொன்னாள்:

"அங்கதான் மக்கா, முப்பது வருசமா நான் இருந்தேன்."