கிணறு மட்டும் வந்தது

அருமைராசாவின் வீட்டுக் கிணறு, பனி உருகிய ஒரு சித்திரையில், மொன்றியலுக்கு வடக்கே மலைக்காட்டுக்குள் இருக்கும் வியட்நாமியரின் புத்த கோயில் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய மாதம் வன்னியில் அவருடைய காணியில் விகாரை கட்டி முடித்திருந்தார்கள். இரண்டும் அவருக்குப் பிந்தித்தான் தெரிந்தன. விகாரை வாட்ஸ்அப்பில் படமாக வந்தது. கிணற்றை நேரில் பார்த்தார்.

இலை சிவக்கும் காலத்தில், மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்களுக்கு மேல்வீட்டில் இருக்கும் மரியதாசன், அருமைராசாவையும் மனைவி சிவநேசத்தையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலை பார்க்கப் போனார். வழியில் கோயிலைக் கண்டதும் சிவநேசம் இறங்க மறுத்தார்.

"எங்கட காணியில இருக்கிறவர் காணாதெண்டு, தேடிப்போயும் கும்பிடவோ?"

"அக்கா, இவர் வியட்நாம்காரர். எங்கட வழக்கு இவருக்குத் தெரியாது. இறங்குங்கோ, கக்கூசாவது இருக்கும்."

இரண்டடுக்கு ஓட்டுக் கூரையின் மூலைகள் தோணி முனைபோல மேலே வளைந்திருந்தன. முகட்டில் இரண்டு பறவைநாகங்கள் எதிரெதிரே பார்த்திருந்தன. சிவப்புத் தூண்களைத் தாண்டிப் பின்முற்றத்துக்குப் போனபோது கிணறு இருந்தது. ஷெல் உடைத்த கட்டு அப்படியே உடைந்திருந்தது. சிவநேசம் இடக்கைக்காரி; அவர் அள்ளிய கயிறு உரசிய தடமும் இடப்பக்கம் இருந்தது. தண்ணீரில் அதே உப்புச் சவர்.

விறகு அடுக்கிக்கொண்டிருந்த பிக்குணி பிரெஞ்சில் சொன்னதை மரியதாசன் சொன்னார்: வசந்தத்தில் வந்ததாம், யாரும் தேடி வராததால் புழங்குகிறார்களாம்.

அந்தக் கிணற்றடியில்தான், யுத்தத்தின் கடைசி மாசியில், நாலு வயது மகள் தனுஷிகாவைப் புதைத்திருந்தார்கள். ஷெல்லடிக்குள் ஆழமாக வெட்ட முடியவில்லை. பால் ஊற்றவும் இல்லை. பிறகு இராணுவம் அங்கே போக விடவில்லை. கனடாவிலிருந்தும் கேட்டுப் பார்த்தார்கள். அது இப்போது புனித பூமி என்று பதில் வந்தது.

மரியதாசன் இதைச் சொல்லக் கேட்டதும் பிக்குணி மண்வெட்டி கொடுத்தார். சிவநேசம் கீழேயிருந்த டெபனர் கடையில் பால் வாங்கிவந்து நின்றார். கிணற்றின் கிழக்கே அருமைராசா மாலைவரை வெட்டினார். கல் வந்தது, மேப்பிள் வேர் வந்தது. பிள்ளை இல்லை. கிணறு மட்டும்தான் வந்திருந்தது. பிள்ளை அங்கே, விகாரையின் அடியிலேயே இருந்தது.

அருமைராசா மண்ணைத் திரும்பத் தள்ளத் தொடங்கினார். சிவநேசம் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"மூடாதேங்கோ."

"ஏனப்பா, ஒண்டும் இல்லையே."

"கிணறு பெரிசு, கெதியா வந்திட்டுது. அவளுக்குச் சின்னக் காலெல்லோ. நடந்து வரவேணும்."

மரியதாசன் இதையும் பிரெஞ்சில் சொன்னார். பிக்குணி தலையசைத்துவிட்டு, பிள்ளையின் காலில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

"இல்லை," என்றார் சிவநேசம். "அவசரத்தில விட்டிட்டம்."

பாலை ஊற்றவில்லை, பெட்டியை மடியில் வைத்தபடியே மொன்றியல்வரை வந்தார்.

இது மூன்றாவது குளிர்காலம். அருமைராசா சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் வேலைக்குப் போகிறார். மாதமொருமுறை இருவரும் கோயிலுக்குப் போய்வருகிறார்கள். குழி திறந்தே இருக்கிறது. பனி கொட்டிய காலைகளில் பிக்குணிகள் வாசற்படியைப் பிறகு பார்த்துக்கொள்கிறார்கள். முதலில் குழிக்குள் இறங்கி, பனி இறுகிப் பிள்ளைக்கு இடமில்லாமல் போகுமுன், அதைக் கையால் அள்ளி வெளியே போடுகிறார்கள். புதிதாக வந்து சேரும் பிக்குணிக்கு முதலில் பழக்குவதும் இந்த வேலையைத்தான்.