தொலையாத பன்னிரண்டு பேர்

1.

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. எங்கள் பகுதிச் சாரணர் படையின் வெள்ளிவிழா மலருக்கு ஒரு பக்கம் கேட்டார் சாரண ஆசிரியர். வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரைக்கால் சட்டையும் விசிலுமாக மாறிவிடுவார்.

"நீங்கதான் எழுத்தாளராச்சே. அந்த மலையேற்றத்தைப் பத்தி, நம்ம படைக்குப் பேர் வர்ற மாதிரி எழுதிடுங்க" என்றார்.

2.

முதல் தொடக்கம்: "இளங்காலைப் பனியில் பன்னிரண்டு பிஞ்சுப் பாதங்கள்..." (பன்னிரண்டு பேருக்கு இருபத்துநான்கு பாதங்கள். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஒரு மனிதர்..." (உண்மை. ஆகவே மலருக்கு ஆகாது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பன்னிரண்டு பிள்ளைகளைக் குன்றுக்கு அழைத்துப் போனார். மதியத்துக்குள் ஒரே பாறையை மூன்று முறை சுற்றி வந்துவிட்டார்கள். தண்ணீர் தீர்ந்தது. சின்னவள் ஒருத்திக்குக் கால் பிசகியது. என் அண்ணன் மகள் அணித்தலைவி, பதின்மூன்று வயது. தரையோடு ஓடிய குடிநீர்க் குழாயைக் காட்டினாள்.

"சார், இதைப் பிடிச்சுக்கிட்டே போனா கீழ மோட்டார் ரூம் வரும்."

"இங்க தலைவர் நான். உக்காரு."

உட்கார்ந்தாள். சின்னவள் வாந்தி எடுத்ததும் எழுந்தாள். "போகாதே!" என்ற குரல் பின்னால் கேட்கக் கேட்க, குழாயோடு இறங்கிப் போய் மோட்டார்காரரைக் கையோடு கூட்டிவந்தாள். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வீடு சேர்ந்தார்கள்.

(இந்தப் பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. இந்த வயதில் இவ்வளவு துணிச்சலா? நாற்பத்தாறு வயதில் எனக்கே இல்லையே. இடையில் கொஞ்சம் அழவைக்கலாமா என்று பார்த்தேன். அவள் அழவில்லை என்பதுதான் தொல்லை.)

3.

பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் விளக்கினார்: "நாங்க தொலையவே இல்ல. அது திட்டமிட்ட பயிற்சி." எல்லோரும் தலையாட்டினார்கள். கண்ணாடி போட்டவர்கள் கூடுதலாக ஆட்டினார்கள்.

அடுத்த நாள் ஆசிரியர் என் அண்ணன் வீட்டுக்கு வந்தார். விழா மேடையில் அவளுக்கு வீரப் பதக்கம் உண்டு. 'சார்தான் என்னை அனுப்பினார்' என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லாவிட்டால், அனுமதியில்லாமல் அணியை விட்டுப் போன குற்றத்துக்குச் சாரணர் ஸ்கார்ஃபைக் கழற்றிவிட்டுப் படையை விட்டே போக வேண்டியிருக்கும்.

"உண்மை பேசணும்னு உறுதிமொழி எடுத்தோமே சார்?"

"உறுதிமொழி வேற, ஒழுக்கம் வேற பாப்பா."

(இந்த வசனம் என் கற்பனையல்ல. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

"ஒரு வரிதானேம்மா" என்றான் அண்ணன். நான் அந்த வரியை எழுதியே கொடுத்துவிட்டேன். மலரில் அச்சாகியும் விட்டது: "ஆசிரியரின் ஆணைப்படி அந்த வீரச் சிறுமி..."

4.

ஆசிரியர் விரும்பும் முடிவு: அவள் வரியைச் சொல்கிறாள், கைதட்டல் கூரையைப் பிளக்கிறது.

அண்ணன் விரும்பும் முடிவு: அன்று அவளுக்குக் காய்ச்சல்.

நடந்தது: மூன்று விரல் உயர்த்தி வணக்கம் வைத்தாள். மைக் எட்டவில்லை, இழுத்து வளைத்துக்கொண்டாள்.

"சார் என்னை அனுப்பல. போகாதேன்னாரு. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா போனேன்."

ஸ்கார்ஃபைக் கழற்றி, நாலாக மடித்து, ஆசிரியர் முன்னால் வைத்துவிட்டு இறங்கினாள். கடைசி வரிசையில் அந்த மோட்டார்காரர் மட்டும் கைதட்டினார்.

5.

இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

"எல்லாம் சரிதான் சித்தப்பா. நீங்க ரெண்டாவது வரிசைலதானே இருந்தீங்க? நான் இறங்கி வந்தப்போ என்ன பண்ணீங்க? அதை மட்டும் எழுதலையே?"

எழுதிப் பார்த்தேன். "நான் சட்டென்று எழுந்து..." அடித்துவிட்டேன். "என் கைகள்..." அடித்துவிட்டேன். "கூட்டத்தில் ஒருவனாக..."

பேனாவை உங்களிடமே தந்துவிடுகிறேன். என்னை நல்லவனாக முடித்துவிடாதீர்கள். அவள் படிப்பாள்.