தவளை தரையிறங்கிய கதை

விமானப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குத் தவளை என்று பெயர் வைத்தவள், கூடவே ஒரே அறையில் தங்கியிருந்த நெட்டைதான். விமானத்தை மேலே ஏற்றுவதிலும் வானத்தில் திருப்புவதிலும் தவளையைக் குறை சொல்ல ஆளில்லை. இறக்கும்போதுதான் வம்பு. அந்தச் சின்னப் பயிற்சி விமானம் ஓடுபாதையைத் தொட்டு, எம்பி, மறுபடி தொட்டு, மறுபடி எம்பி, ஒருவழியாக மனசு வந்து தரையில் ஓடும். வேலியோரம் நின்று பார்த்த நெட்டை, "இதுக்குப் பேரு லேண்டிங் இல்லடி, தவளைப் பாய்ச்சல்" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ் தெரியாத மற்ற மாணவர்கள்கூட "தவாலை, தவாலை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நெட்டை என்ற பெயர் தவளை வைத்தது. பழிக்குப் பழி. ஆனால் நெட்டை அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. இறக்கையில் தலையை இடித்துக்கொண்டாலும் இறக்கையைத்தான் தடவிக் கொடுப்பாள்.

கடல் தாண்டி வந்து படிக்கிற படிப்பு. கூடச் சேர்ந்தவர்கள் எல்லோரும் தனியாகப் பறந்து முடித்துவிட்டார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இல்லாமல் ஒரு சுற்று சுற்றி வந்து இறங்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் அடுத்த பாடம். தவளை மட்டும் பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் சாந்தமான இளைஞர், திட்டவே மாட்டார். ஒவ்வொரு குதிப்புக்கும் "ம்" என்பார். அந்த "ம்" திட்டைவிட மோசமாக இருந்தது.

அம்மா தினமும் போனில், "இன்னைக்காவது தனியா விட்டாங்களா?" என்று கேட்பாள்.

"இல்லம்மா."

"சரி, விடு. அவங்களுக்குத் தெரியாதா எப்ப விடணும்னு" என்பாள் அம்மா. அந்தக் குரலில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று தவளையால் கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை.

ஒருநாள் பள்ளியின் தலைமைப் பயிற்றுநர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம், அதன் பிறகு தானே கூட வந்து பறந்து பார்ப்பேன், படிப்பைத் தொடரலாமா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்வோம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுநாள் வழக்கமான விமானம் பழுதுபார்க்கப் போயிருந்தது. வேறொன்றைக் கொடுத்தார்கள். அதில் ஏறினாள், பறந்தாள், இறங்கினாள். சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. பயிற்றுநர் "ம்" சொல்ல மறந்துபோனார். இன்னொரு முறை இறங்கச் சொன்னார். அதுவும் பூப்போல இறங்கியது. அன்றைக்குத் தவளை சிரித்துக்கொண்டே அறைக்கு வந்தாள்.

அடுத்த நாள் பழைய விமானம் திரும்பி வந்துவிட்டது. பழைய தவளையும் வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதுதான் அவள் நெட்டையிடம் வாயைத் திறந்தாள்.

"நேத்து குடுத்த பிளேன்ல சீட் உசரமா இருந்துச்சு. எனக்கு முன்னாடி ஓட்டினவங்க ஏத்தி வச்சிருக்காங்க. எனக்கு பிளேன் மூக்குக்கு மேல ஓடுபாதையோட கடைசி வரைக்கும் தெரிஞ்சுது."

"நம்ம பிளேன்ல?"

"அதுல சீட்டை ஏத்த முடியாதே. இறங்கும்போது மூக்கைத் தூக்கினா எனக்கு வெறும் வானம்தான். தரை எங்க இருக்குன்னு குத்துமதிப்பா வச்சு இறக்குறேன்."

நெட்டை குழாயை மூடினாள். "எத்தனை நாளா உனக்கு இது தெரியும்?"

தவளை ஒரு தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். முதல் வாரத்திலேயே தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள், அவ்வளவுதான். ஊரில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது உயரம் அளந்த ஊழியர், "குதிகாலைக் கீழ வைம்மா" என்று அதட்டிவிட்டு, "பிளேன் ஓட்டப் போறியா, பிளேனுக்குள்ள ஒளிஞ்சு விளையாடப் போறியா?" என்று கேட்டது இன்னும் காதில் இருந்தது. மயிரிழையில் தேறி வந்தவள். பள்ளிக்கூடத்தில் எப்போதும் வரிசையின் முதல் ஆள். இங்கேயும் அதே பேச்சு வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நேரா போய்ச் சொல்லு" என்றாள் நெட்டை.

"என்னன்னு? நான் குட்டை, எனக்கு எட்டலன்னா? திருப்பி அனுப்பிட்டா?"

"எனக்கு முட்டி இடிச்சு ஸ்டியரிங் திரும்பவே இல்ல. வெக்கப்பட்டுட்டு இருந்திருந்தா இன்னைக்கும் ஒரே பக்கமா சுத்திட்டு இருப்பேன். போய்ச் சொன்னேன். சீட்டைப் பின்னால தள்ளிக் குடுத்தாங்க."

"உனக்கென்ன. உசரமா இருக்கன்னு யாரும் அனுப்ப மாட்டாங்க."

"நீ இப்படியே குதிச்சுட்டு இருந்தா உன்னைக் குட்டைன்னு அனுப்ப மாட்டாங்கடி. ஓட்டத் தெரியலன்னு அனுப்புவாங்க. எது பரவால்ல?"

தவளை கையில் இருந்த தட்டையே மீண்டும் மீண்டும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் பயிற்றுநரிடம் போய், வழியில் ஒத்திகை பார்த்த அழகான வாக்கியங்களையெல்லாம் மறந்துவிட்டு, எனக்கு வெளியே தெரியவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் அவளைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். உள்ளே மெத்தைத் திண்டுகள் அடுக்கிக் கிடந்தன. தடியானது, மெல்லியது, ஓரம் கிழிந்தது, புதுசு. அவளுக்கு முன்னால் எத்தனை பேர் அவற்றின்மேல் உட்கார்ந்து பறந்திருப்பார்களோ. அவருக்கு முன்பே சந்தேகம் இருந்ததாம். உயரத்தைப் பற்றிப் பேசினால் மனசு புண்படுமோ என்று வாயை மூடிக்கொண்டாராம். சொல்லும்போது அவர் முகம்தான் சிவந்தது. இவள் தன் மானத்தையும் அவர் தன் நாகரிகத்தையும் காப்பாற்றிக்கொண்டிருக்க, நடுவில் விமானத்தின் சக்கரங்கள்தான் பாவம் அடி வாங்கியிருக்கின்றன.

திண்டு வைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. உயர்ந்து உட்கார்ந்ததால் பெடல் காலுக்கு எட்டவில்லை. முதுகுக்கு இன்னொரு திண்டு தேவைப்பட்டது. கண்ணுக்குத் தரை தெரிந்தது, ஆனால் பயந்து பயந்து பழகிய கை மூக்கைச் சட்டென்று தூக்கியது. ஓடுபாதையின் தூரத்து முனையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இழுக்கக் கைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. குதிப்பு குறைந்தது. பிறகு எப்போதாவது ஒன்று வந்தது. பயிற்றுநர் ஜன்னல் வழியே வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்.

தலைமைப் பயிற்றுநர் வந்த நாளில் காற்று சுமாராக இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளில் ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். சில முறை இறங்கினாள். பிறகு ஓரமாக நிறுத்தச் சொன்னார். கதவைத் திறந்து கீழே இறங்கினார். கதை முடிந்தது என்று தவளை எஞ்சினை அணைக்கக் கையை நீட்டினாள். அவர் பதறிப்போய்க் கையசைத்தார். அணைக்காதே, நீ போ என்றார்.

"தனியாவா?" என்று தமிழில் கேட்டுவிட்டாள். அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, தலையாட்டிவிட்டு நடந்தார்.

ஒரு ஆள் பாரம் குறைந்த விமானம் சட்டென்று எழும்பியது. வலதுபக்க இருக்கை காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க அவள் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டினாள். கீழே கூரைகள், ஒரு விளையாட்டு மைதானம், சாலையில் ஒரு மஞ்சள் லாரி. ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்கும்போது பக்கவாட்டுக் காற்று ஒரு தள்ளு தள்ளியது. விமானம் கோட்டை விட்டு விலகியது. எப்படியாவது இறக்கிவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. "வேணாம்" என்று சத்தமாகச் சொன்னாள். வேகத்தைக் கூட்டி மேலே ஏறினாள். இன்னொரு சுற்று வருகிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ரேடியோவில் சொன்னாள்.

இரண்டாவது முறை ஓடுபாதை அதன் கடைசி முனை வரைக்கும் விரிந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். சக்கரங்கள் தொட்டன. அப்படியே ஓடின.

வேலியோரம் நெட்டை கைகளைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற ஆள். தலைமைப் பயிற்றுநர் கைகொடுத்து, நீ இறங்கியதைவிட இறங்காமல் மேலே போனாயே, அதுதான் எனக்குப் பிடித்தது என்றார்.

அன்றைக்கு அம்மா கேட்பதற்குள் அவளே சொன்னாள். "தனியா விட்டாங்கம்மா."

மறுமுனையில் அம்மா டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு. பேசிக்கிட்டே ஓட்டினேன்."

"தனியா போனேங்கற, யார்கூடப் பேசின?"

"பிளேன்கூடத்தான்."

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "நல்லாப் பேசு. என்கிட்டத்தான் நாலு வார்த்தைக்கு மேல வராது உனக்கு. சரி, முதல்லருந்து சொல்லு. மேல ஏறினதும் கீழ என்ன தெரிஞ்சுது?"

தவளை கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, கூரைகளிலிருந்து ஆரம்பித்தாள்.