நகராத எட்டுக் களவா

ரிசீவரைக் கடலிலிருந்து தூக்கினால் முதலில் வருவது தகவல் அல்ல, நாற்றம். ஒரு வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்த அந்த முழ நீளக் குழாயின் மேல் சிப்பியும் பாசியும் பெயர் தெரியாத சவ்வுகளும் கூட்டுக்குடித்தனம் நடத்தும். படகில் ஏற்றியதும் எல்லாம் செத்து, வெயிலில் ஊறி, பழைய சாக்ஸுக்குள் அழுகின முட்டையை உடைத்தது மாதிரி ஒரு வாசம் கிளம்பும். சுரண்டும்போது மூக்கால் மூச்சு விடக்கூடாது என்பது தையல்காரரின் பதினொரு வருஷ அனுபவம். வாயால் விட்டால் ருசி தெரியும் என்பதும் அதே அனுபவம்தான்.

ஆய்வு மையத்தில் எல்லாருக்கும் அவர் தையல்காரர். களவா மீனை மயக்கி, வயிற்றைக் கீறி, மாத்திரை போன்ற ஓர் ஒலிக்கருவியை உள்ளே வைத்து, மூன்று தையல் போட்டுக் கடலில் விடுவார். மாத்திரை டிக் டிக்கென்று தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும்; கடலடியில் கட்டியிருக்கும் ரிசீவர், மீன் பக்கத்தில் வந்தால் அதைக் குறித்துக்கொள்ளும். சட்டைப் பொத்தான் தைக்கச் சொன்னால் மட்டும் விரலையும் சேர்த்துத் தைத்துக்கொள்வார்.

போன வருஷம் இருபது களவாவுக்குத் தைத்தார். எட்டு, மீன் பிடிக்கத் தடையுள்ள கடல் காப்பகத்தின் உள்பாறையை விட்டு அசையவே இல்லை. பன்னிரண்டின் சத்தமே இல்லாததால் ‘இறந்தவை’ என்று அடித்துவிட்டார்கள். மையத்தின் தலைவர் அறிக்கை தயார் செய்தார்: களவா உள்பாறையை விட்டுப் போவதில்லை, வெளிப்பாறையைக் காப்பகத்திலிருந்து எடுத்துவிடலாம். நாளைக்குக் கூட்டம். ஒப்புக்கொண்டால் அடுத்த வாரமே வெளிப்பாறையில் பெரிய வலைகள் இறங்கும்.

இன்றைக்குச் சுரண்டியது, யாரும் கேட்காமல் அவராகவே வெளிப்பாறையில் கட்டி வைத்திருந்த உபரி ரிசீவர். படகிலேயே கம்ப்யூட்டரில் போட்டால், செத்துப்போன பன்னிரண்டும் அங்கே கூடி அரட்டை அடித்துக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் அந்த எட்டின் மேல் சந்தேகம் வந்தது. உயிருள்ள மீன் இரவில் பொந்துக்குள் ஒதுங்கும், சத்தம் குறையும். இவை ராப்பகலாக ஒரே சுருதியில் கத்தியிருக்கின்றன. எந்தக் குடும்பஸ்தனும் அவ்வளவு ஒழுங்காக வீட்டில் இருக்கமாட்டான். படகைத் திருப்பச் சொல்லி உள்பாறையில் குதித்தார். ரிசீவருக்குக் கீழே ஒரு மணல் குழி. சதை போய், முள் போய், மாத்திரைகள் மட்டும் கிடந்தன. இரண்டு முறை மேலே வந்து காற்றுச் சிலிண்டர் மாற்றி, எட்டையும் பொறுக்கினார்.

எண்களைப் பார்த்தார். எட்டும் முதல் நாள் தைத்து அங்கேயே விட்டவை. அன்றைக்குத் தலைவர் விருந்தினர்களோடு படகில் வந்திருந்தார். ஒவ்வொரு மீனையும் தையல்காரரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். “இன்னும் ஒண்ணு, சிரிங்க!” மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. தையல்காரர் சிரித்தார். எட்டுப் படத்திலும் சிரித்திருந்தார்.

தலைவர் அறையில் மல்லிகை ஸ்ப்ரே அடித்திருந்தது.

“அங்கயே நில்லுங்க தையல்காரரே. கார்ப்பெட் புதுசு.”

தையல்காரர் விஷயத்தைச் சொல்லி உள்ளங்கையை நீட்டினார். தலைவர் மாத்திரைகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குரலைத் தணித்தார்.

“எங்க எடுத்தீங்களோ அங்கயே போட்டுடுங்க.”

“சார்?”

“பேட்டரி இன்னும் நாலு மாசம் இருக்கும்ல? கத்தட்டும். செத்தது யார் தச்ச மீன்? வெளிய தெரிஞ்சா அசிங்கம் உங்களுக்குத்தான். உங்க நல்லதுக்குத்தான்யா சொல்றேன்.”

சாயங்காலம் வீட்டு வாசலில் மனைவி வழக்கம் போல மோந்து பார்த்தாள்.

“குளிங்க. குளிச்சிட்டு இன்னொரு தடவை குளிங்க.”

மூன்று முறை சோப்பு போட்டார். போகவில்லை. துண்டோடு உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார்.

“அங்கயே போடச் சொன்னாரா! நீங்க என்ன சொன்னீங்க?”

“சரி சார்னேன்.”

பதினொரு வருஷமாக அவர் சட்டையை அலசுகிறவள், ஒரு நாளும் முகம் சுளிக்காதவள், இப்போது சொன்னாள்: “உவ்வே.”

மறுநாள் கூட்டத்தில் நீள மேஜை, நடுவில் கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர். வெளிப்பாறையின் தலையெழுத்தைத் தீர்மானிக்க வந்த மேலதிகாரி அம்மா, அதிலிருந்து ஊற்றி அரை டம்ளர் குடித்திருந்தார். தலைவர் திரையைக் காட்டி முழங்கினார்: “எட்டு மீன், பன்னிரண்டு மாசம், ஒரு அடி கூட நகரலை!”

தையல்காரர் எழுந்தார். பையிலிருந்து மாத்திரைகளை எடுத்து ஜாடிக்குள் போட்டார். கையடக்க ரிசீவரின் முனையையும் உள்ளே விட்டு, அதன் திரையை எல்லாரும் பார்க்கத் திருப்பினார். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக, சாவகாசமாக, எட்டும் வந்து சேர்ந்தன.

“அந்த எட்டும் இதுதாம்மா. இப்ப இந்த ஜாடியை விட்டு நகரலை. அப்ப இதையே காப்பகம்னு அறிவிச்சிடலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

“தச்சது நான். படம் எடுக்கறதுக்காகத் தண்ணிக்கு வெளிய பிடிச்சிருந்ததும் நான். கொன்னுட்டேன். செத்துப்போச்சுன்னு எழுதின பன்னிரண்டும் வெளிப்பாறையில உயிரோட இருக்கு. பதிவு இந்தா இருக்கு.”

அதிகாரி அம்மா ஜாடியையும் கையிலிருந்த டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதெல்லாம்... மீன் வயித்துல இருந்ததா?”

“ஆமாம்மா. கழுவலை.”

டம்ளர் மெதுவாக மேஜைக்கு வந்தது. பதிவை முழுசாகப் படித்துவிட்டு, வெளிப்பாறையை வரைபடத்தில் அப்படியே விடச் சொன்னார். பிறகு கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அன்றே தலைவர் அவரிடமிருந்து ஊசியையும் நூலையும் பிடுங்கிக்கொண்டார். இனி ரிசீவர் சுரண்டுவது மட்டும்தான் வேலை. எட்டு உயிருக்கு அது ரொம்ப மலிவு என்று தையல்காரருக்குத் தோன்றியது. மத்தியானம் முழுக்கச் சுரண்டினார்.

வாசலில் மனைவி மோந்து பார்த்தாள். கழுத்துப் பக்கம் இன்னொரு தடவை மோந்தாள்.

“இன்னிக்கு வெறும் கடல் நாத்தம்தான். ஒரு தடவை குளிச்சாப் போதும், வாங்க.”