தொந்திக்குள் தண்ணீர்

ஈரக் கல்லைத் துடைத்தால் மேலே நிற்கிற துளி போய்விட வேண்டும், இல்லையா? நாகவல்லி துணியை மாற்றி மாற்றித் துடைத்தாள். போகவில்லை. கல்லைச் சாய்த்தாள். துளி நகர்ந்தது!

"யோவ், இங்க வாயேன்! இது கல்லுக்குள்ள கீதுய்யா!"

ஜீவா டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே ஒரு சின்னப் பொந்து; அது நிறையத் தண்ணீர்; அதில் ஒரு காற்றுக் குமிழ்.

கள்ளிக்குப்பத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக நடத்துகிற பட்டறை அது. பூசணிக்காய்ப் பருமன் ஸ்படிகத்தைக் கொடுத்துப் பிள்ளையார் செய்யச் சொன்னவள் சௌம்யா, வானகரத்தில் புது ஃபிளாட் வாங்கியவள். தும்பிக்கை வந்தாயிற்று, காது வந்தாயிற்று, தொந்தியைத் தொட்டபோதுதான் இந்தக் கூத்து.

"தொந்தி வளைவு நேரா அது மேலதான் போவுது," என்றான் ஜீவா. "வெட்டிடு. நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியான்னு நக்கிப் பாத்துடலாம்."

அந்த ஆசை நாகவல்லிக்கு மட்டும் இருக்காதா? எந்த யுகத்து மழையோ, எந்தக் கடலோ! ஆனால் ஒரு நக்கு நக்கினால் அதோடு சரி. மிச்சம் கல் அறுத்த மாவோடு சாக்கடைக்குப் போய்விடும்.

"வெட்டாம வுட்டா?"

"தொந்தி ஒரு பக்கமா தள்ளிக்கினு நிக்கும். அந்தப் பொண்ணு ஒத்துக்குமா?"

போன் போட்டார்கள். சௌம்யா ஹெல்மெட்டும் கையுமாக வந்து நின்றாள். பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னக்கா, ஒரு பக்கம் வீங்கின மாதிரி இருக்கு? வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். வர்றவங்க எல்லாம் சிரிப்பாங்க. குறைச்சிடுங்க."

நாகவல்லிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என்ன செய்வது, கல் அவளுடையதா?

"செஞ்சிடறேம்மா. அதுக்கு முன்னாடி ஒருவாட்டி கையில வாங்கிப் பாரு, உள்ள தண்ணி கீது."

சௌம்யா உட்கார்ந்து, பிள்ளையாரை மடியில் வாங்கிச் சாய்த்தாள். குமிழ் மெல்ல ஏறியது. இந்தப் பக்கம் சாய்த்தாள். மறுபடி ஏறியது. போன் அடித்தது; எடுக்கவில்லை. கடைசியில், ஃபிளாட் பார்க்கப் போனபோது கேட்டிருப்பாளே, அதே குரலில் கேட்டாள்:

"அக்கா, இது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"தோடா!" என்று ஜீவா தலையில் அடித்துக்கொண்டான்.

"ஒடைச்சாதாம்மா தெரியும்." நாகவல்லியின் விரல் வெட்டுச் சக்கரத்தின் சுவிட்சில் இருந்தது. "ஒடைக்கட்டா?"

சௌம்யா பிள்ளையாரை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

"ஐயையோ, வேணாம்! சிரிக்கிறவங்க கையில குடுத்து, சாய்ச்சுப் பாருங்கன்னு சொல்லிக்கிறேன்."

நாகவல்லி பிளக்கையே பிடுங்கிப் போட்டுவிட்டாள். அவளுக்கு வந்த சந்தோஷத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"அப்போ," என்றான் ஜீவா பரிதாபமாக, "கடைசி வரிக்கும் இன்னா தண்ணின்னு தெரியவே தெரியாதா?"