பன்னிரண்டு விநாடி மௌனம்

"இன்னொரு தரம் கெட்டுதுன்னா இந்தப் பாட்டையே எடுத்துடுவோம். சேலம் கச்சேரில வாசிக்க மாட்டோம்" என்று முதல் வயலின்காரர் ஜெயப்பிரகாஷ் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு வியோலா என்று நாலு பேர் கொண்ட குழுவில் வியோலா கோகிலவாணியுடையது. வயலினுக்கு அக்கா மாதிரி, கொஞ்சம் பெரிய உடம்பு, கனத்த குரல். அந்தப் பாட்டு அவளே முதன்முதலாக எழுதியது. கல்வராயன் மலையில் மழை இறங்குமுன் காற்று சட்டென்று நின்றுபோகுமே, அதற்காக நடுவில் பன்னிரண்டு விநாடி நாலு பேரும் வாசிக்காமல் இருக்க வேண்டும்.

வினை அங்கேதான் வந்தது. கள்ளக்குறிச்சி மண்டபத்து மைக்செட்காரர் பாவாடைக்கு முப்பது வருஷ அனுபவம். கல்யாணத்தில் சத்தம் நின்றால் சண்டை என்று அர்த்தம், அதனால் நிற்கவே விடமாட்டார். ஒத்திகையில் இரண்டு தடவையும் அந்த இடைவெளியில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார், மகராசன்!

அன்று மாலை அதே மண்டபத்தில் கச்சேரி. தொடங்குமுன் அவரிடம் போய்க் கெஞ்சினாள். "அண்ணே, நான் வில்லத் தூக்கினா அமைதி. மௌன அஞ்சலி மாதிரின்னு வெச்சிக்குங்களேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா? எத்தினி கட்சிக் கூட்டம் பாத்தவன் நானு!"

முதலில் பழைய ஐரோப்பியச் சங்கீதம், பிறகு ஒரு மோகனம். கைதட்டல் நன்றாகவே வந்தது. அப்புறம் அவளுடைய பாட்டு. செல்லோ அடங்கியதும் வில்லைத் தூக்கினாள். ஸ்பீக்கர் கனைத்தது.

"அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்."

தொலைந்தது போ! முந்நூறு நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. ஜெயப்பிரகாஷின் வில் அந்தரத்திலேயே நின்றது. இத்தனை ஜனம் தலைகுனிந்து நிற்கும்போது மனுஷன் எப்படி வாசிப்பார்? ஒரு இருமல் இல்லை, ஒரு போன் மணி இல்லை. பன்னிரண்டு விநாடி எப்போதோ தாண்டிவிட்டது. எழுதும்போது அவள் காதில் கேட்ட அமைதி இதேதான். வியோலாவில் முதல் தூறலைத் தொட்டாள். யாரும் உட்காரவில்லை. கடைசிவரை நின்றபடியே கேட்டார்கள்.

கைதட்டல் ஓய நேரமாயிற்று. "பாட்டு சேலத்துக்கு வருது" என்றார் ஜெயப்பிரகாஷ். "பாவாடையும் வர்றாரு." அப்பாடா! கோகிலவாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முன்வரிசையிலிருந்து ஒரு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே மேடையருகே வந்தார். "யாரும்மா தவறிட்டாங்க?"

கோகிலவாணி தன் பாட்டுத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "யாரும் தவறலீங்க. போவ இருந்த உசுரு ஒண்ணு, நீங்கள்லாம் எழுந்து நின்னதால பொழச்சிக்கிச்சி."