பானெட்டுக்குள் விட்ட தண்ணீர்

க்ர்ர் க்ர்ர் என்று காரின் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றிச் சுற்றி ஓய்கிறது, பற்ற மாட்டேன் என்கிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் பூங்கோதை அக்காவின் விரல்கள் வெளுத்திருக்கின்றன, நேற்று ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனமும் குங்குமமும் பானெட்டின் மேல் அப்படியே இருக்கின்றன, மெல்பர்ன் குளிரில் ஒன்றும் தெரியாதவன் போல நான் நிற்கிறேன், இவர்கள் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவன், இன்று அக்காவுக்கு லைசென்ஸ் டெஸ்ட், இந்தக் காரில்தான் ஓட்டிக்காட்ட வேண்டும், மூன்று தடவை தோற்றவள், லைசென்ஸ் கிடைத்தால்தான் பஸ் போகாத ஊரில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போக முடியும், அவள் வீட்டுக்காரர் நல்லசிவம் அண்ணன் பானெட்டைத் திறக்கிறார், நேத்து ஓட்டிப் பழகயில நல்லாத்தான இருந்துச்சு, என்ன பண்ணித் தொலைச்ச, நான் ஒண்ணும் பண்ணலைங்க, நீ ஒண்ணும் பண்ண வேண்டாந் தாயி, நீ தொட்டாவே அது படுத்துக்கும், அண்ணன் சிரிக்கிறார், அக்கா சிரிக்கவில்லை.

அம்மா, நீதான் போனில் சொன்னாய், உள்ளயும் நல்லாப் பீச்சியடிச்சு உடு கண்ணு, எண்ணெய்ப் பிசுக்கோட சாமி கும்புடக் கூடாது, சின்ன வயதில் நாமக்கல் வீட்டு வாசலில் அப்பா வேனைத் திறந்து வைத்துக்கொண்டு ஹோஸால் அடிக்கிறார், கறுப்புத் தண்ணீர் என் கால்விரல்களுக்கிடையில் ஓடுகிறது, அப்பா சாவியைத் திருப்பியதும் வேன் கனைத்துக்கொண்டு கிளம்புகிறது, அது டீசல் வண்டி, அதற்குத் தீப்பொறியே வேண்டாம், இந்தப் பழைய பெட்ரோல் காருக்கு வேண்டும், இது எனக்குத் தெரியாதா, பரீட்சையில் படம் போட்டு எழுதியவன்தானே, ஆனாலும் நேற்று ஹோஸைப் பிடித்தது என் கையா அப்பாவின் கையா என்று தெரியவில்லை, பேட்டரி இருக்குது, என்கிறார் அண்ணன், இல்லாட்டி சுத்தாது, பெட்ரோல் பம்பு சத்தமும் கேக்குது, அப்பக் கரண்டுதான் போவல, தம்பி, நீ இன்ஜினியர்தான, வந்து பாரு சாமி, அண்ணன் விலகிக்கொள்கிறார், நான் குனிந்து, தீப்பொறி போடும் பிளக்கின் ஒயரை உருவுகிறேன், குழிக்குள் தண்ணீர் மின்னுகிறது, வாயைத் திறந்தால் போதும், திறக்கிறேன், பனி எறங்கியிருக்குதுங்கண்ணா என்கிறது என் குரல், அம்மா, என் குரல்தான், கராஜுக்குள்ள உடுன்னு தலதலயா அடிச்சுக்கிட்டனே, கேட்டியாடி, என்று அண்ணன் அக்காமேல் பாய்கிறார், டெஸ்ட் ஆபீசுக்குப் போன் செய்ய உள்ளே போகிறார்.

அக்கா இறங்கி ஹேர் டிரையரைக் கொண்டுவருகிறாள், பக்கத்தில் நிற்கிறாள், பனியில்லையே தம்பி, நேத்து நீ ஹோஸ் புடிச்சப்ப நான் சன்னல்லதான் நின்னேன், அண்ணங்கிட்டச் சொல்லலீங்களாக்கா, நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன், நான் டிரையரை வாங்கிக்கொள்கிறேன், அதன் சத்தம் நல்ல வேளையாகப் பெரிது, குழிகள் ஒவ்வொன்றாகக் காய்கின்றன, வியர்த்த என் முகம் மட்டும் காயவில்லை, ஒயர்களை மாட்டிப் பானெட்டை மூடுகிறேன், அக்கா ஏறிச் சாவியைத் திருப்புகிறாள், சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடித்துக்கொள்கிறது, அண்ணன் ஓடி வருகிறார், பாத்தியா, தம்பி கை பட்டதும் எடுத்துருச்சு, படிச்ச புள்ள படிச்ச புள்ளதான், முதுகில் தட்டிவிட்டு ஏறிக்கொள்கிறார், அக்கா என் பக்கம் திரும்பாமல் கண்ணாடியை ஏற்றுகிறாள், வண்டியை ஒருமுறைகூட அணையவிடாமல், திக்காமல், தெருவுக்கு எடுக்கிறாள், இஞ்சின் ஒரே சீராகத் தெருமுனை வரைக்கும் கேட்கிறது, தண்ணி உட்டது நான்தானுங்கண்ணா, என்கிறேன், நேற்றைய தண்ணீர் இன்னும் காயாத தரையில் எஞ்சிய இரண்டு டயர் தடங்களிடம்.